ஜிப்ஸிக்கு உதறல் எடுத்த கதை

உதறல்னா உங்களுக்குத் தெரியும். வைவா அன்னைக்குக் காலையில எக்ஸ்டர்னல் உள்ள நுழையும்போது நமக்கு எடுக்குமே, அது. இந்தக் கட்டுரை இன்னொரு உதறலைப் பற்றியது. நேராக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் முன் சக்கரங்கள் இரண்டும் திடீரென்று இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும். ஸ்டியரிங் கையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். டேஷ்போர்டு, கண்ணாடி, சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆள் எல்லாமே குலுங்கும். மெக்கானிக் கடையில் இதற்குப் பேர் உதறல். நம்ம டைனமிக்ஸ் புத்தகத்தில் ஷிம்மி. ரெண்டும் ஒண்ணுதான் என்று எனக்குத் தெரிய ஏழு செமஸ்டர் ஆனது.

எல்கேஜியிலிருந்து நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு ஒரு பேப்பர், அவ்வளவுதான். அதனால் இதில் பாதி வார்த்தை ஒர்க்‌ஷாப் தமிழ், மீதி வீட்டுத் தமிழ். தூய தமிழ் எதிர்பார்க்கிறவங்க அடுத்த பக்கத்துக் கவிதைக்குப் போயிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

முதல்ல வண்டியைப் பற்றி. எங்க வீட்டில் இருப்பது 1998 மாடல் மாருதி ஜிப்ஸி கிங். 1298 சிசி பெட்ரோல் எஞ்சின், கார்புரேட்டர், ஃபோர் வீல் டிரைவ், நாலு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங். ஜிப்ஸி முதன்முதலில் வந்தது 1985 டிசம்பரில், மாருதி 800 வந்து ரெண்டே வருஷத்தில். ராணுவம், போலீஸ், வனத்துறை என்று இது ஓடாத இடம் கிடையாது. சுஸூகி ஜிம்னி குடும்பத்து வண்டி இது. அமெரிக்காவில் இதன் அண்ணன் தம்பிக்கு சாமுராய் என்று பெயர், ஆஸ்திரேலியாவில் சியரா. 2018 வாக்கில் இங்கே பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்திவிட்டார்கள். எங்க வண்டியில் இன்னும் பழைய திருவள்ளூர் நம்பர், டிஎன் 20.

இது எங்களுக்கு ஷோவுக்கு வைத்திருக்கும் வண்டி இல்லை. அப்பா போர்வெல் மோட்டார் சர்வீஸ் செய்கிறவர். திருநின்றவூர், வேப்பம்பட்டு பக்கம் புதுசா பிளாட் போட்ட இடங்களுக்கு, மழை பெய்தால் ரோடே இல்லாத இடங்களுக்கு, மோட்டாரையும் பைப்பையும் ஏற்றிக்கொண்டு போகணும். ஜிப்ஸி போகும். ஏஸ் மாதிரி குட்டி லோடு வண்டி சேற்றில் உட்கார்ந்துவிடும். அப்பாவுக்கு இந்த வண்டி பாதி பார்ட்னர்.

போன ஜூன் மாதம் அவுட்டர் ரிங் ரோட்டில் நெமிலிச்சேரி தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். அப்பா ஓட்டினார், அம்மா முன்னாடி, நானும் தங்கச்சியும் பின்னாடி. வேகம் அறுபதுக்குக் கொஞ்சம் கீழே. பாலத்தில் ஏறும் இடத்தில் ரோட்டில் ஒரு இரும்பு ஜாயின்ட் வரும் பாருங்க, அதில் சக்கரம் ஏறி இறங்கியது. அவ்வளவுதான். வண்டி ஆட ஆரம்பித்தது. பின் சீட்டில் இருந்து பார்த்தேன், அப்பாவோட ரெண்டு கையும் ஸ்டியரிங்கோடு சேர்ந்து ஆடியது. பக்கத்து லேனில் ஒரு கன்டெய்னர் லாரி. அப்பா பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை விட்டுட்டு, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாற்பதுக்கு வரும்வரை வண்டியைத் தானாகக் குறைய விட்டார். உதறல் நின்றது. ஓரமாக நிறுத்தினோம். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் அம்மா சொன்னாங்க: "இனிமே நானும் ஏற மாட்டேன், பொண்ணையும் ஏத்த மாட்டேன்."

அடுத்த வாரம் அப்பா ஒரு கடைக்கு வண்டியைக் கொண்டுபோனார். கடைப் பேர் வேண்டாம். ஸ்டியரிங் டேம்பர் போயிடுச்சு என்று புதுசு மாட்டினார்கள். மூன்று வாரம் நன்றாக ஓடியது. திரும்ப உதறல். வேறொரு கடை. அங்கேயும் அதே டேம்பர், இந்த முறை இன்னும் கொஞ்சம் விலை கூடினது. ஒன்றரை மாதம் ஓடியது. அப்புறம் பழையபடி. அதற்குப் பிறகு அப்பா நாற்பதைத் தாண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டார். ஆவணியில் ஒரு நாள் சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார், தீபாவளிக்குள் ஒரு வழி பண்ணணும், இல்லாவிட்டால் காயலான் கடைதான் என்று. காயலான் கடையில் கிலோ கணக்கு. வண்டி மொத்தமே ஒரு டன் சொச்சம். அந்தக் காசில் புது வண்டிக்கு டவுன் பேமென்ட் கூடத் தேறாது. தங்கச்சி அடுத்த வருஷம் காலேஜ். லோன் போட்டு வண்டி எடுத்தால் ஃபீஸுக்கு இன்னொரு லோன். அப்பா இதையெல்லாம் சொல்லவில்லை. நமக்கே கணக்குப் போடத் தெரியுமே.

இந்த இடத்தில்தான் தாத்தா உள்ளே வருகிறார். அம்மாவோட அப்பா. கோவில்பதாகைக்காரங்க வீட்டில் ஒருத்தராவது ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்திருப்பார்கள், எங்க வீட்டில் அது தாத்தா. 1961-ல் தொடங்கின கனரக வாகனத் தொழிற்சாலை, 1965-ல் விஜயந்தா டேங்கை வெளியே விட்ட இடம். அங்கே ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வயசு எழுபத்தெட்டு. கண் ஆபரேஷன் ஆகிவிட்டது, முழங்கால் மடங்காது. வண்டிக்கு அடியில் படுக்க முடியாது. ஆனால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை சொல்ல முடியும். அதில் அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது.

அவர் முதல்ல கேட்ட கேள்வி: "டேம்பர் எதுக்குடா வச்சிருக்கான்?"

"அதிர்வைக் குறைக்க, தாத்தா."

"அதிர்வு எங்கேர்ந்து வருது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தாத்தா விடவில்லை. "ஜுரத்துக்கு மாத்திரை போட்டா சூடு குறையும். ஜுரம் எதனால வந்துச்சுன்னு பாத்தானா எவனாவது? ரெண்டு பேரும் மாத்திரை குடுத்து அனுப்பியிருக்கான்."

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஜிப்ஸி டயர் 205/70, ரிம் 15 இஞ்ச். சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். வகுத்தால் சக்கரம் நொடிக்கு எட்டு முறை சுற்றுகிறது. ரிம் ஓரத்தில் வெறும் 20 கிராம் எடை அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்க. அந்த வேகத்தில் அது தரும் விசை சுமார் 9.5 நியூட்டன், அதாவது ஒரு கிலோ எடை. நொடிக்கு எட்டு முறை ஒரு கிலோ தள்ளல். ஒரு டன் வண்டிக்கு அது ஒரு கொசு. ஆனால் ஊஞ்சலை நினைச்சுப் பாருங்க. சரியான நேரத்தில் ஒரு விரலால் தள்ளினால் கூடப் பெரிய ஆளையே ஆட்டிவிடலாம். முன் ஆக்சிலும் ஸ்டியரிங் கம்பிகளும் தானாக ஆட விரும்பும் வேகம் அந்த எட்டுக்குப் பக்கத்தில் வந்தால், கொசுவே போதும். எல்லாம் இறுக்கமாக இருக்கும் வண்டியில் அந்த வேகம் ரொம்ப மேலே இருக்கும், வண்டி அங்கே போகவே போகாது. எங்கேயோ ஆட்டம் விட்டுப்போனால் அது கீழே இறங்கி வந்து அறுபதில் உட்கார்ந்துகொள்ளும். ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் வண்டி முன்னால் போகிற சக்தியையே தின்று உதறல் வளரும். அதனால்தான் வேகத்தைக் குறைத்தால் மட்டும் நிற்கிறது. அப்பா பிரேக் அடிக்காதது ஏன் சரி என்று அப்போதுதான் புரிந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் கை செய்திருக்கிறது.

டேம்பர் அந்த ஆட்டத்தை எடுக்காது. மேலே ஒரு கையை வைத்து அமுக்கும். உள்ளே தேய்மானம் கூடக்கூட அமுக்கும் கையும் தோற்றுப்போகும். மூன்று வாரம், ஒன்றரை மாதம் என்ற கணக்கு அதுதான்.

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க எந்த மெஷினும் தேவைப்படவில்லை. தாத்தா சொன்ன முறை இது. முன் ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைத் தூக்கணும். (ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வேலையும் செய்யாதீங்க. ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்ட் வைக்கணும், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்கணும். தாத்தா இதைப் பார்க்காமல் என்னை ஸ்பேனரையே தொட விடவில்லை.) சக்கரத்தைக் கடிகாரம் என்று நினைத்துக்கொண்டு, 9-லயும் 3-லயும் கை வைத்து ஆட்டிப்பார்க்கணும். ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் ஸ்டியரிங் கம்பிகள், டை ராடு எண்டு. அடுத்தது 12-லயும் 6-லயும் கை வைத்து ஆட்டணும். ஆட்டம் இருந்தால் ரெண்டு சந்தேகம்: வீல் பேரிங் அல்லது கிங்பின். எது என்று எப்படிப் பிரிப்பது? ஒருத்தரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டணும். பிரேக் மிதித்தால் சக்கரமும் அதைத் தாங்கும் நக்கிளும் ஒன்றாகிவிடும், வீல் பேரிங் ஆட்டம் காணாமல் போகும். அப்படியும் ஆடினால் ஆட்டம் அதற்கும் உள்ளே, கிங்பின்னில்.

தங்கச்சி பிரேக் மிதித்தாள். நான் ஆட்டினேன். இடது பக்கம் டொக் டொக் என்று நன்றாகவே கேட்டது. நாற்காலியில் இருந்தபடியே தாத்தா சொன்னார், "கிங்பின்."

கிங்பின் என்றால் என்ன என்று தெரியாதவங்களுக்கு: முன் சக்கரம் திரும்புவதற்கு ஒரு கீல் வேணும், கதவுக்கு இருக்கிற மாதிரி. ஜிப்ஸியில் ஆக்சில் முனையில் ஒரு இரும்பு உருண்டை, அதைச் சுற்றி நக்கில். மேலே ஒரு கிங்பின், கீழே ஒரு கிங்பின், ரெண்டுக்கும் ஒவ்வொரு டேப்பர் பேரிங். இந்தக் கீலில்தான் மொத்தச் சக்கரமும் நிற்கிறது. கீல் லூஸான கதவு காற்றில் படபடன்னு அடிக்குமே, அதேதான் இங்கேயும்.

தீபாவளி லீவில் வேலையை ஆரம்பித்தோம். வடகிழக்குப் பருவமழை நேரம். வாசலில் தார்பாய் கட்டி அதற்கடியில்தான் எல்லாம். வீட்டிலேயே செய்தோம், ஆனால் வெறும் கையால் செய்தோம் என்று நினைக்காதீங்க. சாமான் வாங்க சென்ட்ரல் வரை மின்சார ரயில், அங்கிருந்து மெட்ரோ பிடித்து எல்.ஐ.சி.யில் இறங்கி ஜி.பி. ரோடு. பேரிங் நாலு, சீல் கிட் ரெண்டு, டை ராடு எண்டு ரெண்டு, கிரீஸ். பழைய ஸ்பேர் வேணும்னா புதுப்பேட்டை, ஆனால் பேரிங், சீல் இதெல்லாம் புதுசுதான் வாங்கணும் என்று தாத்தா உத்தரவு. சாமுராய் ஓட்டும் அமெரிக்காக்காரனும் இதே வேலையை இதே வரிசையில்தான் செய்வான் என்பது எனக்குக் கொஞ்சம் கெத்தாகக் கூட இருந்தது.

வேலை வரிசை இப்படி. சக்கரம் கழற்றணும். பிரேக் கேலிப்பரைக் கழற்றிக் கம்பியால் பட்டை ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடணும், ரப்பர் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. அப்புறம் ஹப், ஸ்பிண்டில், ஆக்சில் ஷாஃப்ட், டை ராடு எண்டு, உருண்டைக்குப் பின்னால் சீலைப் பிடித்திருக்கும் எட்டு போல்ட்டு. கடைசியில் மேல் கிங்பின், கீழ் கிங்பின். மேல் கிங்பின் மேலேயே போகணும், கீழ் கிங்பின் கீழேயே போகணும். தங்கச்சியின் நெயில் பாலிஷில் அடையாளம் வைத்தோம். கழற்றும் போல்ட்டெல்லாம் கலந்துவிடாமல் இருக்க அம்மா ஒரு பழைய இட்லித் தட்டு கொடுத்தாங்க. ஒரு குழிக்கு ஒரு ஜோடி. நீங்களும் செய்து பாருங்க, இதைவிட நல்ல போல்ட் ஆர்கனைசர் எந்த ஆன்லைன் கடையிலும் கிடைக்காது.

கீழ் கிங்பின்னை இழுத்ததும் பேரிங் கையில் விழுந்தது. விழுந்தது என்பதைவிட உதிர்ந்தது என்று சொல்லலாம். உருளைகளைப் பிடித்திருக்கும் கூடு உடைந்து, உருளைகள் செம்பழுப்பாகத் துருப்பிடித்து, கிரீஸ் காபி கலரில் தண்ணியோடு கலந்து கிடந்தது. தாத்தா அந்தக் கிரீஸை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது புயல் தண்ணி" என்றார்.

2023 டிசம்பர் மிக்ஜாம். உங்களில் பாதிப் பேருக்கு அந்த வாரம் நினைவிருக்கும். எங்க தெருவில் ரெண்டு நாள் முழங்காலுக்கு மேல் தண்ணி நின்றது. ஜிப்ஸி அதே இடத்தில் ஹப் வரை மூழ்கி நின்றது. தண்ணி வடிந்ததும் முதல் முறையே ஸ்டார்ட் ஆனது, தெருவே பார்த்து ஆச்சரியப்பட்டது. எஞ்சின் ஆயில், கியர் ஆயில் எல்லாம் அப்பா மாற்றிவிட்டார். ஆனால் தேய்ந்துபோன சீல் வழியாக உருண்டைக்குள் போன தண்ணி அங்கேயே தங்கிவிட்டது. அது மெதுவாக ஒன்றரை வருஷம் வேலை பார்த்து, ஜூன் மாதம் அம்மா முன் சீட்டில் இருக்கும்போது வெளியே வந்திருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டி உங்க வீட்டிலும் இருந்தால், ஓடுதே என்று விட்டுடாதீங்க. சக்கரத்தைக் கழற்றி பேரிங்குகளில் கிரீஸ் மாற்றச் சொல்லுங்க.

இன்னொன்றும் பார்த்தேன். பேரிங் உட்காரும் கிண்ணத்தில் உருளைகள் இருந்த இடத்தில் மட்டும் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளம். வீல் பேரிங் முழுசாகச் சுற்றும், தேய்மானம் சுற்றிலும் சமமாக விழும். கிங்பின் பேரிங் சுற்றாது. வண்டி பெரும்பாலும் நேராகத்தான் போகிறது, அதனால் உருளைகள் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு குழிக்கும் அடி வாங்குகின்றன. இது புத்தகத்தில் பிரினெல்லிங் என்று நாலு வரி. கையில் தடவிப் பார்த்தால் மறக்காது.

பழைய கிண்ணத்தைப் பித்தளை ராடு வைத்துத் தட்டி எடுத்தோம். புதுசை உள்ளே இறக்கணும், அது இறுக்கமாகத்தான் போகும். முந்தின ராத்திரியே ஃப்ரீசரில் வைத்துவிட்டேன், மாவு டப்பாவுக்குப் பக்கத்தில். விட்டம் ஏறக்குறைய 35 மி.மீ., வெப்பம் கிட்டத்தட்ட 48 டிகிரி குறைகிறது, எஃகு சுருங்குவது 0.02 மி.மீ. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் சுத்தியல் அடி பாதியாகக் குறைந்தது. "நாங்க ஐஸ் கட்டி வச்சுப் பண்ணுவோம்" என்று தாத்தா அலட்டிக்காமல் சொன்னார்.

இப்போதுதான் முக்கியமான இடம். புது பேரிங் போட்டால் மட்டும் போதாது. எவ்வளவு இறுக்கம் என்பதில்தான் விஷயம். கிங்பின்னுக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருக்கும், ஷிம். ஒரு தகட்டை எடுத்தால் இறுக்கம் கூடும், சேர்த்தால் குறையும். குறைவாக இருந்தால் மறுபடி உதறல், அதிகமாக இருந்தால் பேரிங் சீக்கிரம் சாகும், ஸ்டியரிங்கும் கனமாகிவிடும். சர்வீஸ் மேனுவலில் இதற்கு ஒரு எளிய அளவு இருக்கிறது: சீலும் ஷாஃப்டும் மாட்டாமல், டை ராடு மாட்டும் ஓட்டையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுக்கணும். நக்கில் நகர ஆரம்பிக்கும்போது தராசு 1 முதல் 1.8 கிலோ காட்டணும்.

ஸ்பிரிங் தராசுக்கு எங்கே போவது? தெருவில் வரும் பழைய பேப்பர்காரரிடம் ஒரு மணி நேரம் இரவல் வாங்கினேன். தாத்தா தராசை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை நம்புறியா?" என்றார். நம்பணுமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஒரு லிட்டர் அளந்து ஊற்றித் தொங்கவிட்டோம். தராசு 850 கிராம் காட்டியது. ரெண்டு லிட்டர் ஊற்றினோம், 1.7 கிலோ. அம்மா அந்த நிமிஷமே இதுவரைக்கும் போட்ட பேப்பர் கணக்கையெல்லாம் மறுபடி போட ஆரம்பித்தாங்க. எனக்கு அது போதும். தராசு பொய் சொல்கிறது, ஆனால் ஒரே அளவில் பொய் சொல்கிறது. 1.4 கிலோ வேண்டுமென்றால் அதில் 1.2 காட்டணும். ஒரு ஷிம் எடுத்தோம், 0.7. இன்னொன்று எடுத்தோம், 1.2. தாத்தா தன் கையால் ஒருமுறை நக்கிலை இழுத்துப் பார்த்துட்டு, "இதான்" என்றார். அவருக்குத் தராசு தேவைப்படவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எனக்குத் தேவைப்பட்டது. என் கைக்கு 1.4 கிலோ எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

வலது பக்கமும் அதே வேலை. அங்கே துரு இல்லை, ஆனால் இறுக்கம் கால் பங்கு கூட இல்லை. டை ராடு எண்டு ரெண்டும் மாற்றினோம், டயரில் சாக்பீஸ் கோடு போட்டு முன்னும் பின்னும் டேப் வைத்து அளந்து டோ-இன் வைத்தோம், வீல் பேலன்ஸிங் மட்டும் கடையில். மூன்றரை நாள், 6,800 ரூபாய். ரெண்டு டேம்பருக்கும் கொடுத்த காசு அதைவிட அதிகம்.

நானும் அப்பாவும் மட்டும் முதலில் போனோம். காலை ஐந்தரை, காலியான ரோடு. நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது. பால ஜாயின்ட் ஒவ்வொன்றிலும் அப்பா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பதைப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது ஜாயின்டில் ஒரு கையை எடுத்து ஜன்னலில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும் வழியில் டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார். அம்மா ஏறுவதற்கு இன்னும் ரெண்டு வாரம் ஆனது. இப்பவும் பாலம் வந்தால் டேஷ்போர்டு கைப்பிடிக்கு அவங்க கை தானாகப் போகும். அதை எந்த ஷிம் வைத்தும் சரி செய்ய முடியாது.

பழசுதான் ஒசத்தி என்று சொல்ல இதை எழுதவில்லை. ஜிப்ஸியில் ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. கார்புரேட்டர் வண்டியின் புகை இன்றைய பிஎஸ்-6 வண்டியோடு ஒப்பிடவே முடியாது. ஊரில் ஓடும் எல்லாப் பழைய வண்டியும் ஓடிக்கொண்டே இருக்கணும் என்று எனக்குத் தோன்றவில்லை. அரசாங்கமும் பழசை ஓட்டுவதைக் கடினமாக்கிக்கொண்டே வருகிறது. 2022 ஏப்ரலில் பதினைந்து வருஷம் தாண்டின காருக்கு ஆர்சி புதுப்பிக்கும் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் இருபது வருஷம் தாண்டின காருக்கு அது 10,000 ஆகிவிட்டது. எங்களுக்கு அடுத்த ரினியூவல் 2028-ல். அப்போது ஓட்டலாமா வேண்டாமா என்று மறுபடி உட்கார்ந்து பேசுவோம். ஆனால் அந்த முடிவு வண்டியின் நிலைமையைப் பார்த்து எடுத்ததாக இருக்கும். எங்கே ஆடுகிறது என்று யாரும் பார்க்காததால் எடுத்ததாக இருக்காது.

இதே கேள்வி வண்டிக்கு மட்டும் இல்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நாலு துறையை எடுத்துக்கொண்டார்கள். மேனுவலும் ஸ்பேரும் வாங்கினவனுக்குக் கிடைக்கணும் என்பதுதான் பேச்சு. என்னால் அந்த வேலையைச் செய்ய முடிந்ததற்குக் காரணம் என் மூளை இல்லை. ஜிப்ஸியை வடிவமைத்தவர்கள் அதில் ஷிம் வைத்தார்கள், அளவை எழுதி வைத்தார்கள், சாதாரண ஸ்பேனரால் கழற்றும்படி போல்ட் வைத்தார்கள். யாரோ ஒருத்தன் வாசலில் தார்பாய் கட்டி இதைத் திறப்பான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாளைக்கு நம்மில் சில பேர் டிசைன் டேபிளில் உட்காரப் போகிறோம். நாம வைக்கப்போகும் போல்ட்டுக்கு ஸ்பேனர் போகுமா என்று அன்றைக்கு யோசிக்கணும்.

உங்களிடம் ஜிப்ஸி இருக்காது. பைக் இருக்கும், இல்லை அப்பாவோட வண்டி இருக்கும். அதற்கும் இதே மாதிரி ஒரு பேரிங் ஹேண்டிலுக்கு அடியில் இருக்கிறது, கடையில் கோன் செட் என்பார்கள். இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சென்டர் ஸ்டாண்ட் போடுங்க. ஒருத்தரைப் பின்னாடி அமுக்கச் சொல்லி முன் சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்குங்க. ஃபோர்க்கோட கீழ்ப் பக்கத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. டொக் என்று கேட்டால் லூஸ். அப்புறம் ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்குத் தள்ளுங்க. நட்டநடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால், உள்ளே நான் பார்த்த அதே குழிகள் விழுந்திருக்கின்றன. மெக்கானிக்கிடம் போய் "வண்டி ஒரு மாதிரி ஓடுது" என்று சொல்லாதீங்க. "கோன் செட்ல நடுவுல பள்ளம் இருக்கு" என்று சொல்லுங்க. அதற்கப்புறம் அவர் உங்களிடம் பேசும் விதமே மாறும்.